ஆண்டு விழா நடனத்துக்குப் பாடல்களை இணைப்பது: ஆடாசிட்டியில் கிராஸ்ஃபேடும் மிக்சிங்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பள்ளி ஆண்டு விழா, கல்லூரிக் கலைவிழா, கல்யாண வரவேற்பு என்று நடனம் எங்கே நடந்தாலும் முதலில் தேவைப்படுவது நான்கைந்து பாட்டை வெட்டி ஒட்டிய ஐந்து நிமிட டிராக் ஒன்று. அதை ஆடாசிட்டியில் செய்கிறவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்களும் பதில்களும் இங்கே. ஆடாசிட்டி இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மெனுப் பெயர்கள் 3.4-ஐ ஒட்டிய பதிப்புகளின்படி தரப்பட்டுள்ளன. பழைய பதிப்புகளில் இடம் சற்று மாறியிருக்கும்.

கேள்வி: கிராஸ்ஃபேடு என்றால் சரியாக என்ன?

முதல் பாட்டின் ஒலி இறங்கிக்கொண்டு போகும்போதே இரண்டாவது பாட்டின் ஒலி ஏறி வருவதுதான் கிராஸ்ஃபேடு. சில நொடிகள் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். சிக்கல் எல்லாம் அந்தச் சில நொடிகளில்தான்: இரண்டு தாளம், இரண்டு சுருதி, சில சமயம் இரண்டு குரல், எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். பொருந்தாத பாட்டுகளை நீளமான கிராஸ்ஃபேடு போட்டு மறைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எட்டு நொடி ஃபேடு போட்டால் அந்தப் பொருத்தமின்மை எட்டு நொடிக்குக் கேட்கும், அவ்வளவுதான். எந்தத் தட்டில் வெட்டி எந்தத் தட்டில் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபேடின் நீளம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

கேள்வி: ஸ்பாட்டிஃபையிலேயே கிராஸ்ஃபேடு இருக்கிறதே, அது போதாதா?

வீட்டில் வரிசையாகப் பாட்டுக் கேட்கப் போதும். 12 நொடி வரை வைத்துக்கொள்ளலாம். நடனத்துக்கு வேண்டியது வேறு: ஒரு பாட்டின் பல்லவி முடிந்த கையோடு இன்னொன்றின் சரணத்துக்குத் தாவ வேண்டும், ஒவ்வொரு முறை ஒத்திகையிலும் அது அதே நொடியில் நடக்க வேண்டும். அதற்கு ஒரே கோப்பாகச் செய்து வைத்துக்கொள்வதுதான் வழி.

கேள்வி: பாட்டுக் கோப்பு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்?

சிடியிலிருந்து எடுத்த வேவ் அல்லது ஃப்ளாக் இருந்தால் மிக நல்லது. எம்பி3தான் இருக்கிறது என்றால் கிடைப்பதில் அதிக பிட்ரேட் உள்ளதை எடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த கோப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது ஏற்கெனவே எத்தனை முறை சுருக்கப்பட்டது என்றே தெரியாது, பெரிய ஸ்பீக்கரில் போடும்போது ஜால்ராவும் சலங்கையும் நீரில் நனைந்தது போலக் கேட்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் எம்4ஏ கோப்பைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலை நிறுவியிருக்க வேண்டும். வீடியோவிலிருந்து எடுத்த ஒலி 48,000 ஹெர்ட்ஸிலும் மற்றவை 44,100-லும் இருந்தால் கவலை வேண்டாம், ஆடாசிட்டி தானே ஒன்றாக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு பாட்டையும் தனித்தனி டிராக்கில் (திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும் ஒலி வரிசை) வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே டிராக்கில் வரிசையாக ஒட்டினால் பிறகு திருத்துவது சிரமம்.

கேள்வி: பாட்டின் வேகத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டு) தொடங்கி 16 தட்டுகளைத் தேர்வு செய்யுங்கள். 17-ஆவது தட்டு விழும் இடத்தில் தேர்வு முடிய வேண்டும். கீழே தேர்வுப் பட்டையில் அதன் நீளம் தெரியும். 16-ஐ 60-ஆல் பெருக்கி அந்த நீளத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று வந்துவிடும். 9.6 நொடி என்றால் 100, 9.23 நொடி என்றால் 104.

எங்கே அளக்கிறோம் என்பது முக்கியம். கணினியில் கிளிக் (சீரான தாளச் சத்தம்) வைத்துப் பதிவான பாட்டு முழுக்க ஒரே வேகத்தில் போகும். 70-கள், 80-களில் இசைக்குழு மொத்தமாக உட்கார்ந்து வாசித்த பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வேகம் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும். அதனால் பாட்டின் தொடக்கத்தில் அளந்த எண்ணை நம்பி மூன்றாவது நிமிடத்தில் ஒட்டாதீர்கள். ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கிராஸ்ஃபேடை முதலிலிருந்து கடைசி வரை செய்து காட்ட முடியுமா?

முதல் பாட்டு 100, இரண்டாவது 104 வேகம் என்று வைத்துக்கொள்வோம். எட்டுத் தட்டு, அதாவது ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். 100 வேகத்தில் ஒரு தட்டு 0.6 நொடி, எட்டுத் தட்டு 4.8 நொடி. 104 வேகத்தில் எட்டுத் தட்டு 4.615 நொடி. இப்படியே சேர்த்தால் முதல் தட்டு கச்சிதமாக விழும், எட்டாவதை நெருங்கும்போது ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நொடி விலகியிருக்கும். நடனமாடுகிறவர் காலை எந்தத் தட்டில் வைப்பது என்று தடுமாறும் இடம் இதுதான்.

ஆகவே முதலில் வேகத்தைச் சமன் செய்கிறோம். இரண்டாவது பாட்டை முழுதாகத் தேர்வு செய்து, எஃபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ திறந்து, 104-லிருந்து 100 என்று கொடுங்கள் (சதவீதத்தில் சுமார் −3.85). உயர்தர நீட்டிப்பு என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் தவில், தபலா அடிகள் மங்காமல் இருக்கும். இந்த எஃபெக்ட் சுருதியை மாற்றாது.

அடுத்து, முதல் பாட்டில் அந்த எட்டுத் தட்டுத் தொடங்கும் சமத்தில் கர்சரை வைத்து கண்ட்ரோல்+பி அழுத்தி ஒரு லேபிள் போடுங்கள். அங்கிருந்து 4.8 நொடி தள்ளி முதல் பாட்டை வெட்டி, மீதியை நீக்கிவிடுங்கள். இரண்டாவது பாட்டில் வேண்டிய சமத்துக்கு முன்னால் உள்ளதை எல்லாம் நீக்குங்கள். பிறகு கிளிப்பின் (டிராக்கில் உள்ள ஒலித் துண்டு) தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து, அதன் முதல் தட்டு லேபிளின் மேல் வரும்படி வையுங்கள். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு டிராக்கிலும் தட்டின் முனை ஊசி போலத் தெரியும். இரண்டு முனைகளும் 10 மில்லிநொடிக்குள் இருந்தால் ஒரே அடியாகக் கேட்கும். 30 மில்லிநொடியைத் தாண்டினால் ‘டக்’ என்பது ‘டடக்’ ஆகிவிடும்.

இனி, ஒன்றன் மேல் ஒன்று விழும் அந்த 4.8 நொடியை இரண்டு டிராக்கிலும் சேர்த்து இழுத்துத் தேர்வு செய்து, எஃபெக்ட், ஃபேடிங், கிராஸ்ஃபேடு டிராக்ஸ். ஃபேடு வகைக்கு கான்ஸ்டன்ட் பவர் 1, திசைக்கு ஆட்டோமேட்டிக். பத்து நொடி முன்னாலிருந்து ஓட விட்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். கை தடுமாறினால் கண்ட்ரோல்+இசட் அழுத்திப் பின்வாங்கி, கிளிப்பை நகர்த்தி மறுபடி செய்யுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். கண் சரி என்று சொல்லிவிட்டால் காதும் ஒப்புக்கொண்டுவிடும்.

கேள்வி: ஃபேடு முடிந்த பிறகு முதல் பாட்டு திடீரென்று முழுச் சத்தத்தில் திரும்பி வருகிறது. ஏன்?

மீதியை நீக்காமல் விட்டிருப்பீர்கள். கிராஸ்ஃபேடு தேர்வு செய்த பகுதியை மட்டுமே தொடும். அதற்கு அப்பால் உள்ளது அப்படியே இருக்கும்.

கேள்வி: இரண்டும் சேரும் இடத்தில் நடுவில் ஒலி பள்ளமாகிறது அல்லது மேடாகிறது.

ஃபேடு வகை பொருந்தவில்லை. கான்ஸ்டன்ட் கெயின் என்பதில் நடுப்புள்ளியில் ஒவ்வொரு பாட்டும் பாதி அளவில், அதாவது −6 டெசிபலில் இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பாட்டுகள் அப்படிச் சேர்ந்தால் மொத்தம் சுமார் 3 டெசிபல் குறைந்து பள்ளம் விழும். கான்ஸ்டன்ட் பவரில் நடுப்புள்ளி அளவு 0.707, அதாவது −3 டெசிபல். மொத்தம் சீராக இருக்கும். வெவ்வேறு பாட்டுகளுக்கு எப்போதும் இதுவே.

ஒரே பாட்டுக்குள் ஒரு சரணத்தை எடுத்துவிட்டு ஒட்டும்போது நிலைமை தலைகீழ். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஒலியாக இருந்தால் அவை முழுமையாகக் கூடும்; கான்ஸ்டன்ட் பவரில் 3 டெசிபல் வரை மேடு தட்டும். அங்கே கான்ஸ்டன்ட் கெயின் சரி.

கேள்வி: மெனுவில் கிராஸ்ஃபேடு கிளிப்ஸ் என்று இன்னொன்று இருக்கிறதே?

அது ஒரே டிராக்கில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கிளிப்புகளுக்கானது. பேச்சுப் பதிவை ஒட்டுவதற்கு அருமையான கருவி. முன் கிளிப்பின் வாலையும் பின் கிளிப்பின் தலையையும் அது ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிவிடுவதால் மொத்த நீளம் குறையும், தாளம் நகர்ந்துவிடும். இசைக்கு வேண்டாம்.

கேள்வி: தாளம் ஒத்துப்போகிறது, ஆனாலும் சேரும் இடம் அபஸ்வரமாகக் கேட்கிறது.

சுருதி. ஒரு பாட்டு 1 கட்டை, அடுத்தது ஒன்றரைக் கட்டை என்றால் இரண்டுக்கும் அரைச் சுரம்தான் வித்தியாசம். சேர்ந்து ஒலிக்கும்போது அதைவிடக் கூசும் பொருத்தம் குறைவு. ஒரே சுருதி, அல்லது ச–ம, ச–ப உறவில் உள்ளவை (1 கட்டைக்கு 4 கட்டை, 5 கட்டை) உறுத்தாமல் போகும். கைப்பேசியில் தம்புரா செயலி ஒன்றை ஓட விட்டு, பாட்டின் ஆதார சட்ஜத்தோடு இழையும் வரை கட்டையை மாற்றிப் பாருங்கள்.

சரிசெய்ய மூன்று வழிகள். சேஞ்ச் பிட்ச் கொண்டு ஓர் அரைச் சுரம் ஏற்றலாம் அல்லது இறக்கலாம். அதற்கு மேல் போனால் பாடகரின் குரல் வேறொருவர் குரலாகிவிடும், அதைச் செய்யாதீர்கள். கேசட்டிலிருந்து எடுத்த பாட்டு எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது, டேப் ஓடிய வேகம் அப்படி. அதற்கு அரைச் சுரத்திலும் பாதி, கால் என்று கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது வழியே எல்லாவற்றிலும் சிறந்தது: ஏதாவது ஒரு பாட்டில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே சேருங்கள். இடையிசைக்கு முன்னால் வரும் உருட்டு, பல்லவிக்குத் திரும்பும் முன் வரும் தபலா அடி என்று திரைப்பாட்டில் இப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் கிடைக்கும். பறை, தவில் மட்டும் வரும் பகுதிக்குச் சுருதிச் சண்டையே கிடையாது.

கேள்வி: நான்கு தட்டுப் பாட்டிலிருந்து திஸ்ர நடைப் (மூன்று மூன்றாக எண்ணும் நடை) பாட்டுக்கு எப்படிப் போவது?

கிராஸ்ஃபேடு போட வேண்டாம். இரண்டு நடையும் சேர்ந்து ஒலித்தால் எந்த அளவு வைத்தாலும் குழப்பம்தான். முதல் பாட்டை ஒரு பலமான அடியில் சட்டென்று நிறுத்தி, அந்த அடியின் அதிர்வை மட்டும் நீட்டி, மௌனத்தில் கரைந்ததும் புதிய நடையைத் தொடங்குங்கள். மேடையில் இது ஒரு தீர்மானம் வைத்தது போல இருக்கும். ஆடுகிறவர்களுக்கும் நிலை மாற நேரம் கிடைக்கும்.

அதிர்வை நீட்டும் முறை: கடைசித் தட்டு மட்டும், சுமார் அரை நொடி, தேர்வு செய்து கண்ட்ரோல்+டி அழுத்தினால் புது டிராக்கில் நகல் வரும். அதன் பின்னால் 3 நொடி மௌனம் சேர்த்து, மொத்தத்தையும் தேர்வு செய்து ரிவெர்ப் கொடுங்கள். வெட் ஒன்லி (எதிரொலி மட்டும்) பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். மௌனம் சேர்க்காவிட்டால் எதிரொலி விழ இடமே இல்லாமல் பாதியில் அறுந்துவிடும். கடைசி ஒரு நொடிக்கு ஸ்டூடியோ ஃபேடு அவுட் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சேரும் இடத்தில் அடித்தொனி குழம்பிக் ‘கும்’ என்கிறது.

இரண்டு பேஸ் கிட்டாரோ இரண்டு கிக் டிரம்மோ மோதுகின்றன. உள்ளே வரும் பாட்டின் முதல் எட்டுத் தட்டை மட்டும் தனி கிளிப்பாக்கி (கண்ட்ரோல்+ஐ), அதற்கு ஹைபாஸ் ஃபில்டர் (அடித்தொனியை வடிகட்டுவது), 200 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 12 டெசிபல் கொடுங்கள். முதல் பாட்டு முடியும் அதே சமத்தில் புதிய பாட்டின் முழு அடித்தொனி இறங்கும். ஹாலில் அந்த இடத்துக்குக் கைத்தட்டல் விழும்.

கேள்வி: வெட்டிய இடத்தில் ‘டிக்’ சத்தம் வருகிறது.

அலை பூஜ்யக் கோட்டில் இல்லாதபோது வெட்டியிருக்கிறீர்கள். வெட்டும் முன் தேர்வு செய்து இசட் விசையை அழுத்தினால் தேர்வின் இரு முனைகளும் பக்கத்துப் பூஜ்யப் புள்ளிக்கு நகரும். ஏற்கெனவே வெட்டிவிட்டால், முனையில் 5 முதல் 10 மில்லிநொடிக்கு ஒரு ஃபேடு போதும்.

கேள்வி: பழைய பாட்டு மெல்லக் கேட்கிறது, புதுப் பாட்டு அலறுகிறது. நார்மலைஸ் செய்தும் மாறவில்லை.

நார்மலைஸ் உச்சியை மட்டும் பார்க்கும். 80-களின் பாட்டில் ஒரே ஒரு டிரம் அடி உச்சியைத் தொட்டிருக்கும், மற்றதெல்லாம் தாழ்வாக இருக்கும். இன்றைய பாட்டு கம்ப்ரசர், லிமிட்டர் எல்லாம் கடந்து முழுக்க உச்சியை ஒட்டியே ஓடும். உச்சி சமம், காதுக்கு அளவு சமமில்லை. லௌட்னஸ் நார்மலைசேஷன் காதுக்குப் படும் அளவைக் கணக்கிட்டுச் சமன் செய்யும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக −18 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் அளவின் அலகு) கொடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் −23 என்று இருக்கும். அது ஒளிபரப்பு அளவு, ஹாலுக்குச் சற்றுத் தாழ்வு. புதுப் பாட்டைப் பழையதன் அளவுக்கு இறக்குவதே நல்லது. பழையதை ஏற்றினால் அந்த ஒற்றை டிரம் அடி எல்லை தாண்டிக் கிழியும்.

கிராஸ்ஃபேடு போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறகு செய்தால் ஃபேடின் மெல்லிய பகுதியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

கேள்வி: மீட்டர் சிவப்பாகிறது, ஆனால் ஆடாசிட்டியில் கேட்டால் பெரிதாகத் தெரியவில்லை. விடலாமா?

விடக்கூடாது. ஆடாசிட்டி உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்வதால் எல்லை தாண்டிய ஒலியும் அழியாமல் இருக்கும். 16 பிட் வேவாக ஏற்றுமதி செய்யும் கணத்தில் அது வெட்டுப்பட்டுவிடும். இரண்டு பாட்டு சேரும் இடத்தில்தான் இது அதிகம் நடக்கும். எல்லா டிராக்கின் கெயின் ஸ்லைடரையும் ஒரே அளவில் 3 முதல் 6 டெசிபல் இறக்குங்கள். கடைசியில் மிக்ஸ் அண்ட் ரெண்டர் டு நியூ டிராக் செய்து, பழைய டிராக்குகளை மியூட் செய்துவிட்டு, ஆம்ப்ளிஃபையில் உச்சி −1 டெசிபல் என்று கொடுத்தால் போதும்.

கேள்வி: முதல் பாட்டில் இரண்டு நொடி நீக்கினேன், பின்னால் இருந்த எல்லா இணைப்பும் குலைந்துவிட்டது.

டிராக்ஸ் மெனுவில் சிங்க்-லாக் போட்டிருந்தால் ஒன்றை வெட்டும்போது மற்றவையும் கூடவே நகரும். இப்போதைக்கு கண்ட்ரோல்+இசட்.

கேள்வி: நடுவில் அறிவிப்புக் குரல் வர வேண்டும், அப்போது இசை தானாகத் தாழ வேண்டும்.

இசை டிராக்குக்கு நேர் கீழே குரல் டிராக்கை வைத்து, இசையை மட்டும் தேர்வு செய்து ஆட்டோ டக். குரல் கீழே இல்லாவிட்டால் வேலை செய்யாது. −12 டெசிபல் என்ற அளவு அநேகமாகச் சரியாக வரும். குரலில் மூச்சு விடும் இடங்களில் இசை எழுந்து எழுந்து அடங்கினால் மேக்சிமம் பாஸ் என்பதை 1-லிருந்து 2 நொடியாக்குங்கள். ஒரே ஒரு வரிதான் என்றால் எஃப்2 அழுத்தி என்வெலப் கருவியால் நான்கு புள்ளி வைத்துக் கையாலேயே இறக்கிவிடலாம். அது அழகாகவும் வரும்.

கேள்வி: சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கொடுத்த கோப்பு ஓடவில்லை.

ஏயுபி3 கோப்பைக் கொடுத்திருப்பீர்கள். அது ஆடாசிட்டிக்குள் மட்டும் திறக்கும் வேலைக் கோப்பு. ஏற்றுமதி செய்துதான் கொடுக்க வேண்டும்: 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். சில பழைய யுஎஸ்பி பிளேயர்கள் எம்பி3 மட்டுமே ஓட்டும் என்பதால் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்றும் கூடவே வையுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கட்டும், கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருக்கட்டும். டிராக்கின் தொடக்கத்தில் 2 நொடி மௌனம் விடுங்கள். புளூடூத்தில் ஓட்டினால் முதல் தட்டை அது விழுங்கிவிடும்; கம்பி வழியாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சினிமாப் பாட்டை இப்படி வெட்டி ஒட்டிப் போடலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்வி நிலையத்தின் நிகழ்ச்சியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிலையத்தின் செயல்பாடுகளோடு தொடர்புள்ளோர் மட்டுமே பார்வையாளராக இருக்கும்போது ஒலிப்பதிவை ஒலிக்கவிட இடம் தருகிறது. டிக்கெட் விற்கும் பொது நிகழ்ச்சிக்கு உரிமம் வேண்டும். வீடியோவை யூடியூபில் ஏற்றுவது தனி விஷயம். அங்கே பாட்டைத் தானியங்கி முறையில் கண்டுபிடித்துவிடுவார்கள், ஒலி முடக்கப்படலாம்.

கேள்வி: வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. ஹாலில் பாடகர் குரலே கேட்கவில்லை, இசை மட்டும் வந்தது!

மிக்சிங்கில் பிழை இல்லை, கேபிளில்தான். கைப்பேசியின் ஸ்டீரியோ பின்னை மிக்சரின் ஒரே பேலன்ஸ்டு உள்ளீட்டில் நேராகச் செருகினால், மிக்சர் இடது பக்க ஒலியிலிருந்து வலது பக்கத்தைக் கழித்துவிடும். பாடகர் குரல் இரண்டு பக்கமும் சமமாக, நடுவில் பதிவாகியிருப்பதால் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் கேபிள் போட்டு, மிக்சரில் இரண்டு சேனல்களில் கொடுக்க வேண்டும். அந்த கேபிள் அன்று அங்கே இருக்கும் என்று நம்பிப் போகாமல், கையோடு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லை என்றால், டிராக்கை மோனோவாக்கி (டிராக்ஸ், மிக்ஸ், மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ), அதை இடது பக்கம் மட்டும் ஒலிக்கும் ஸ்டீரியோ கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். வலது பக்கம் வெறும் மௌனமாக இருந்தால் கழிப்பதற்கு எதுவும் இருக்காது, குரல் திரும்பி வந்துவிடும்.